ஜன்னல் மேல் ஒரு வெள்ளைத் திரை

தூக்க முடியாத பெட்டியோடு ஹிமபிந்து பாலகொல்லுவில், தன் அப்பா வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். அவள் உள்ளே போனாள். சாப்பிட்டாள். "அவருக்கு பெங்களூர்ல ஆபீஸ் வேலை, அதான் வந்தேன்" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள். மாடியில் தன் பழைய அறைக்குப் போய்ப் படுத்தாள். தூக்கம்தான் வரவில்லை.

வியாழக்கிழமை பார்த்து வந்து இறங்கியதில் ஒரு கணக்கு இருந்தது. வெள்ளிக்கிழமையன்று பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வழியனுப்ப மாட்டார்கள். "எப்பக் கிளம்பறே?" என்ற கேள்வி ஒரு பகல் முழுக்க அவள் பக்கம் வராது. அந்தப் பகலுக்குள் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். விசாகப்பட்டினத்துக்கு, புருஷன் ஸ்ரீஹர்ஷாவின் வீட்டுக்கு, இனி திரும்பப் போவதாக இல்லை என்று சொல்ல வேண்டும். இந்த அறை எனக்கு வேண்டும் என்று கேட்க வேண்டும்.

விடிந்தும் விடியாமலும் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அப்பா, கையில் அளவு நாடாவோடு.

"எழுந்திரு அம்மாடி. அந்தக் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தணும்," என்றார் கொண்டலராவ்.

கொண்டலராவுக்கு ஊரைச் சுற்றி இறால் குளங்கள். இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குக் கத்திக் கத்தியே பழகிய தொண்டை. வீட்டுக்குள் ரகசியம் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும். பெண் முகம் வீங்கியிருப்பதைக் கவனிக்கிற ஆள் இல்லை. கவனித்தால், நன்றாகத் தூங்கியிருக்கிறாள் என்று சந்தோஷப்படுவார்.

அவர் பின்னால் சலபதி வந்தார். ராஜமந்திரியில் ஹோம் தியேட்டர் சாமான் விற்பவர், வந்து மாட்டியும் கொடுப்பவர். யார் எதைச் சொன்னாலும் முதலில் "ஆய்" என்று பணிவாக ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். கோதாவரிப் பக்கம் பிறந்தவர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

சலபதி கிழக்குச் சுவரில் நீல நிற டேப்பை ஒட்ட ஆரம்பித்தார். திரை எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கண்ணால் பார்க்க அதுதான் வழியாம். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு, கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் இரண்டு. பதினோரு அடி அகலம், ஆறடி உயரம். ஒட்டி முடித்துவிட்டு விலகி நின்றார்.

பிந்துவின் ஜன்னல் அந்த நீலக் கட்டத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது.

"நூத்தம்பது அங்குலம்," என்றார் கொண்டலராவ், ஏதோ பேரனுக்குப் பெயர் வைத்தவர் மாதிரி. "சூரிபாபு வீட்டுல வெறும் நூத்து முப்பத்தஞ்சு."

சூரிபாபு அவருடைய மைத்துனர். அடுத்த தெரு. போன சங்கராந்திக்கு அவர் வீட்டுத் தியேட்டரில் விடிய விடியப் படம் பார்த்துவிட்டு வந்த ஸ்ரீஹர்ஷா, காப்பி குடித்தபடி, "நம்ம வீட்டு டிவி கைக்குட்டை மாதிரி இருக்கு மாமய்யா" என்று சிரித்துவிட்டுப் போனான். மாப்பிள்ளை விளையாட்டாகத்தான் சொன்னான். மாமனார் அதை ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டார். இந்தச் சங்கராந்திக்கு மாப்பிள்ளை வரும்போது இந்த வீட்டிலும் ஒரு தியேட்டர் இருந்தாக வேண்டும். இலையில் நூறு வகை பலகாரம் வைத்தால் மட்டும் போதுமா?

"இதை ஏன் என் ரூம்ல வைக்கறீங்க நான்னா?" என்று அப்பாவைக் கேட்டாள் பிந்து.

"பின்னே எங்க வைக்கறது? பார்கவ் ரூமைத் தொட்டா அவன் சண்டைக்கு வரான். கல்யாணம் பண்ணிக்கப் போறவன். இது சும்மாத்தானே கிடக்கு? அதோட பிந்து ரூம்லயே பிந்து புருஷனுக்குத் தியேட்டர். கேக்கவே நல்லா இல்லியா?"

யாரிடமிருந்து ஓடி வந்தாளோ அவனுக்கு மரியாதை செய்யத்தான் அவள் அறையைக் கேட்கிறார். அதுவும் அவள்மேல் உள்ள பிரியத்தில் கேட்கிறார். கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

"சுருட்டற திரை வாங்கலாமே? வேணும்னா இறக்கலாம், இல்லேன்னா மேல போயிடும்."

"அது கல்யாணப் பந்தல்ல கட்டற சமாச்சாரம். நான் கட்டப்போறது தியேட்டர்."

"ஆய்," என்றார் சலபதி. "சுருட்டறதுல நாளாக நாளாக ஓரம் மடங்கும்மா. துணியில அலை விழும். கதாநாயகி மூஞ்சி நெளியும். சட்டத்துல இழுத்துக் கட்டினா மத்தளத் தோல் மாதிரி நிக்கும். அப்படியே சுவரோட சுவரா ஆயிடும்."

சுவரோடு சுவராக ஆகிவிடும் என்பதுதான் அவள் பயமே. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கீழே சாப்பாட்டு மேஜையில் திப்பரொட்டியும் வெல்லப்பாகும் வைத்திருந்தாள் ராஜ்யலக்ஷ்மி, பிந்துவின் அம்மா. தட்டுகளுக்கு நடுவிலேயே சலபதி மூன்று துணித் துண்டுகளை விரித்தார். ஒன்று சுத்த வெள்ளை. ஒன்று சாம்பல் நிறம். மூன்றாவதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடிப்பொடியாக ஓட்டை.

"இதென்னய்யா, ராஜ்யம் மாவு சலிக்கவா?" என்றார் கொண்டலராவ்.

"ஆய், ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால ஒளிச்சு வெக்கலாங்க. படத்துல இருக்கறவங்க வாயிலேருந்தே பேச்சு வர்ற மாதிரி இருக்கும்."

"எனக்கு ஓட்டைத் துணி வேண்டாம். காசு குடுத்து வாங்கறது முழுசா இருக்கணும்."

பார்கவ், பிந்துவின் தம்பி, லேப்டாப்பை ஒரு கையில் தாங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். ஹைதராபாத் கம்பெனி வேலையை பாலகொல்லுவிலிருந்து பார்க்கிறவன். "வெள்ளைதான் நான்னா சரி. நிறம் நிறமா அப்படியே தெரியும். ஆனா ரூம் கும்மிருட்டா இருக்கணும். துளி வெளிச்சம் வந்தாலும் படம் வெளுத்துடும். ஜன்னலைச் செங்கல் வெச்சு அடைச்சு, சுவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சுடணும்."

"அடைச்சுட்டாப் போச்சு," என்றார் கொண்டலராவ், பாகில் ரொட்டியை முக்கியபடி.

பிந்து சாம்பல் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது எதுக்கு?"

"ஆய், அது வெளிச்சத்தைத் தாங்கற துணிம்மா. மேலேருந்து பக்கத்துலேருந்து வர்ற வெளிச்சத்தைத் தள்ளிடும். ஜன்னல் திறந்திருந்தாலும் படம் பார்க்கலாம். ஆனா நூத்தம்பதுக்கு இது சரிப்படாது. நூறு எடுத்துக்கிட்டா வடக்குச் சுவர்ல, பீரோ பக்கத்துல உக்காரும். கட்டிலைக்கூட எடுக்க வேண்டாம்."

கட்டிலை எடுக்க வேண்டாம். பிந்துவுக்கு அந்தச் சாம்பல் துணியை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"இதையே எடுங்க நான்னா. நூறு போதும். ரொம்பப் பெருசா இருந்தா கண் வலிக்கும்."

"நூறா? சூரிபாபு மூஞ்சியில நான் முழிக்க வேண்டாமா?"

"கறுப்புப் பெயின்ட் அடிச்ச ரூம் வீட்டுக்கு நல்லாவா இருக்கும்?"

"அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்றான் பார்கவ். "பாவா வெள்ளைதான் வேணும்னு சொல்றார். அவருக்குத்தானே வாங்கறோம்?"

பிந்து தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். பாவா என்றால் ஸ்ரீஹர்ஷாதான். அவன் எப்போது சொன்னான்? கேட்க வாயெடுத்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

"முடிஞ்சுது. வெள்ளை. நூத்தம்பது. சலபதி, அட்வான்ஸ் வாங்கிக்க."

அவளிடம் இருந்தது ஒரே ஒரு அஸ்திரம். அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். இதற்கு மேல் கடைசி ஏது?

"கிழக்கு ஜன்னலை மூடினா வாஸ்து ஒத்துக்குமா நான்னா?"

கொண்டலராவின் கை பாதி வழியில் நின்றது.

சாதாரண ஆள் இல்லை அவர். கட்டி முடித்துப் பூச்சும் பூசிய மாடிப்படியை, வாஸ்து பார்க்கிற சித்தாந்தி ஒரு வார்த்தை சொன்னார் என்பதற்காக இடித்துவிட்டு எதிர்ப்பக்கம் கட்டியவர். தியேட்டருக்கும் அவரைக் கேட்டுத்தான் சுவரைத் தேர்ந்தெடுத்திருந்தார். பார்ப்பவர்கள் கிழக்கு நோக்கி உட்கார வேண்டும் என்று சித்தாந்தி சொல்லியிருந்தார். ஆனால் அந்தச் சுவரில் ஜன்னல் இருக்கிறது என்று இவர் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

உடனே போன் போட்டார். சித்தாந்தி பூஜையில் இருக்கிறார், ராகுகாலம் கழிந்து அவரே பேசுவார் என்று யாரோ சொல்லி வைத்தார்கள்.

"சரி. ராகுகாலம் கழியட்டும். அதுக்குள்ள நான் குளத்துக்கு ஒரு நடை போயிட்டு வந்துடறேன். சலபதி, இங்கேயே இரு. மத்தியானம் சாப்பிட்டுத்தான் போகணும்."

"ஆய்," என்றார் சலபதி. அவர் எதற்கும் மறுப்புச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

ராகுகாலம் என்பது மற்றவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு பிந்துவுக்கு அது நகரவே இல்லை. மாடிக்குப் போனாள். டேப்புக்குள் இருந்த ஜன்னலைப் பார்த்தாள். கீழே வந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி மாடிக்குப் போனாள். மறுபடி இறங்கினாள். போனை எடுத்தாள், வைத்தாள். படியில் எதிர்ப்பட்ட பார்கவை நிறுத்தினாள்.

"பாவா உன்கிட்ட எப்பப் பேசினார்?"

"நேத்து ராத்திரி. நீ தூங்கப் போனப்புறம். அரை மணி நேரம் இருக்கும். சுவர் அளவெல்லாம் கேட்டார், அனுப்பினேன்."

"அரை மணி நேரமா?"

"பேச ஆரம்பிச்சா அவர் எங்க நிறுத்தறார்? நீ பத்திரமா வந்து சேர்ந்தியான்னு கேட்டார். பெங்களூர்ல மழையா பாவான்னு கேட்டேன். சிரிச்சார்."

பிந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அவன் பெங்களூரில் இல்லை. எங்கே போகிறோம் என்று அவனிடம் சொல்லிக்கொண்டும் அவள் வரவில்லை. அவள் சொன்ன பொய்யை அவன் ஒரே சிரிப்பில் தெரிந்துகொண்டுவிட்டான். காட்டிக்கொடுக்கவும் இல்லை.

"பிந்து, இங்க வா," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

ராஜ்யலக்ஷ்மி கதவைச் சாத்தினாள். அரிசி டப்பாவின் பின்னாலிருந்து ஒரு துண்டுச் சுருளை எடுத்துப் பிரித்தாள். உள்ளே வெள்ளிக் குத்துவிளக்கு. பிந்துவின் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து போனது.

"கட்டிலை நகர்த்தச் சொன்னாங்களேன்னு உன் பெட்டியைத் தள்ளிப் பார்த்தேன். அசையல. என்னத்தை வெச்சிருக்கேன்னு திறந்தேன்." அம்மாவின் குரல் தணிந்திருந்தது. "நாலு நாள் இருக்க வர்றவ புடவை கொண்டு வருவா. போகும்போது ஊறுகாய் கேப்பா. விளக்கைத் தூக்கிக்கிட்டு எவளாவது வருவாளாடி?"

பிந்து விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்லம்மா."

"வேற எவளாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் என்னதாண்டி?"

"என்கிட்டப் பேச மாட்டேங்கறார்."

ராஜ்யலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவுதானா? உங்க நான்னா ஒரு நாள் வாயை மூடினா நான் கோவில்ல தேங்காய் உடைப்பேன்."

"தசராவிலேருந்து பேசலம்மா."

சிரிப்பு நின்றது.

"அவரோட அக்கா வந்திருந்தப்போ நான் ஏதோ எதிர்த்துச் சொல்லிட்டேனாம். என்ன சொன்னேன்னுகூட எனக்குத் தெரியல. கேட்டேன். மன்னிப்பும் கேட்டுட்டேன். அழுதும் பார்த்தாச்சு. இது முதல் தடவையும் இல்ல. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளுது." பிந்து விளக்கின் திரி வைக்கிற குழியைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே பேசினாள். "வீட்டுல ஒரு மெஷின் இருக்கும்மா, சொன்னா விளக்கு போடும், அணைக்கும். அதுகிட்டப் பேசறார். பக்கத்துல நான் நிக்கறேன். அதுகிட்ட 'தேங்க்ஸ்'னுகூடச் சொல்றார். என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. விருந்தாளி வந்தா எல்லாம் மாறிடும். 'பிந்து, பிந்து'ன்னு கூப்பிடுவார். அவங்க போய்க் கதவைச் சாத்தினதும் மறுபடி நான் சுவர். நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. ஒரு நாள் பாத்ரூம்ல போய் என் பேரை நானே சத்தமாச் சொல்லிப் பார்த்தேன்."

ராஜ்யலக்ஷ்மி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை அணைத்தாள்.

"சங்கராந்தி வரைக்கும் வாயைத் திறக்காதே," என்றாள் கடைசியில். "பார்கவுக்குப் பெண் வீட்டுக்காரங்க வர்றாங்க. இந்த நேரத்துல அக்கா வாழாம வந்துட்டான்னு பேச்சு கிளம்பினா அவனுக்கு ஆகற காரியமும் கெட்டுப்போகும். பண்டிகை கழியட்டும். நானே உங்க நான்னாகிட்டச் சொல்றேன்."

"அதுக்குள்ள ஜன்னலை அடைச்சுடுவாங்க."

"ஜன்னல்தானே?"

"இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கற இடம் அது ஒண்ணுதாம்மா. அதையும் அடைச்சுக் கறுப்பு அடிச்சுட்டா நான் எங்க வந்து படுப்பேன்? ஹாலுலயா? நாலு நாள் ஹாலுல படுத்தா அஞ்சாவது நாள் நீங்களே என்னைக் கொண்டுபோய் விட்டுடுவீங்க."

அது உண்மை என்று இருவருக்குமே தெரிந்தது. ராஜ்யலக்ஷ்மி விளக்கைத் துண்டில் சுற்றி மறுபடி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். வைத்தவள், திரும்பி எடுத்தாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக விளக்கை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளிப்பதா என்று தோன்றியிருக்க வேண்டும். அதைத் துண்டோடு கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

ராகுகாலம் கழிந்தது. சொல்லி வைத்தாற்போல கொண்டலராவ் குளத்திலிருந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். போன் அடித்தது. அவர் யாரிடம் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். காதில் வைத்தால் தன் குரலே தனக்குக் கேட்பதில்லை என்பார்.

"நமஸ்காரம் சித்தாந்திகாரு. தியேட்டர் ரூமுக்குக் கிழக்குச் சுவர்ல ஒரு ஜன்னல் இருக்குங்க. திரை அதை மூடிடும். அடைக்கலாங்களா?"

சலபதி துணித் துண்டுகளோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பிந்து தூணோரம் நின்றாள். அடைக்கக் கூடாது என்று சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தை போதும் என்று முன்பின் கேட்டிராத அந்தக் குரலிடம் மனதுக்குள் கெஞ்சினாள்.

"கிழக்கு ஜன்னலா?" சித்தாந்தி இழுத்தார். "அது சூரியன் வர்ற வழியாச்சே. அந்த ரூம்ல யார் படுக்கறாங்க?"

"யாருமில்லீங்க. பொண்ணோட ரூம். அவதான் கல்யாணமாகிப் போயிட்டாளே."

சொன்னவருக்கு அது வெறும் பதில். கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சுரீரென்றது.

"அப்படின்னா தோஷமே இல்ல," என்றார் சித்தாந்தி உற்சாகமாக. "படுத்து எழுந்திருக்கிற ரூமுக்குத்தான் அந்த வெளிச்சம் வேணும். ஆள் புழங்காத ரூம் வெறும் இடம்தானே? தாராளமா அடைங்க. எண்ணிக்கை குறையாம இருக்க மாடிப்படிகிட்ட ஒரு சின்ன ஜன்னல் வெச்சுடுங்க. போதும்."

அவள் எடுத்த அஸ்திரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் மேலேயே வந்து விழுந்தது.

"பார்த்தியா அம்மாடி?" என்றார் கொண்டலராவ் முகமெல்லாம் சிரிப்பாக. "நீ கேட்டதும் நல்லதாப் போச்சு. சந்தேகம் தீர்ந்துது."

"நான் படுக்கறேனே," என்றாள் பிந்து.

"என்ன?"

"அந்த ரூம்ல. நேத்து ராத்திரி நான்தானே படுத்தேன்?"

அப்பா பெரிதாகச் சிரித்தார். "கேட்டீங்களா சித்தாந்திகாரு, நேத்து வந்த பொண்ணு கணக்குக் கேக்குது."

"வந்து போறவங்க கணக்கில்லம்மா," என்றது போன், குழந்தைக்குச் சொல்வதுபோல. "அங்கேயே இருக்கறவங்க யாராவது இருந்தாத்தான்."

பிந்து சமையலறை வாசலைப் பார்த்தாள். அம்மா அங்கே நின்றிருந்தாள். சங்கராந்தி வரைக்கும் என்று அம்மா சொன்னது காதில் இருந்தது. தம்பி கல்யாணம், மாமா வீடு, ஊர் வாய் எல்லாமே வரிசையாக வந்து நின்றன. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பேசுகிற தைரியம் அவளுக்கு எங்கிருந்தோ வந்தது. தைரியம் என்றுகூடச் சொல்ல முடியாது. வேறு வழி இல்லாமல் போனதுதான்.

"நான்தாங்க," என்றாள் போனைப் பார்த்து. "இனிமே அங்கேயேதான் இருக்கப் போறேன்."

சலபதி துணிகளை மெல்லச் சுருட்ட ஆரம்பித்தார். சத்தம் வராமல் சுருட்டினார். இந்த நேரத்தில் "ஆய்" சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு அவருக்கு விவரம் இருந்தது.

"என்ன உளர்றே?" கொண்டலராவ் எழுந்துவிட்டார். "மாப்பிள்ளை பெங்களூர்லேருந்து வந்ததும் போகப் போறவதானே? விளையாடறியா? ராஜ்யம், உன் பொண்ணு என்ன சொல்றா பாரு."

ராஜ்யலக்ஷ்மி நடந்து வந்தாள். மேஜை மேல் துண்டுச் சுருளை வைத்தாள். பிரித்தாள்.

"இது அவ பெட்டியில இருந்ததுங்க," என்றாள். சற்று முன்னால் மகளின் வாயை அடைத்தவள் அவள்தான் என்று பார்த்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

கொண்டலராவ் விளக்கைப் பார்த்தார். அவரே தணுக்குவுக்குப் போய்த் தேடி வாங்கி வந்த விளக்கு. பிறகு பெண்ணைப் பார்த்தார். வீங்கியிருந்த கண்களை அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஹலோ," என்றது போன். "இருக்கீங்களா? அடைக்கறீங்களா, என்ன செய்யறீங்க?"

குளத்தின் அக்கரைக்குக் கேட்கிற குரல் எங்கோ போயிருந்தது. "இல்ல சித்தாந்திகாரு. தப்பாச் சொல்லிட்டேன். அந்த ரூம்ல ஆள் இருக்கு."

"யாருங்க?"

"என் பொண்ணு."

"அப்படிச் சொல்லுங்க. அந்த ஜன்னல்ல கை வைக்காதீங்க," என்று சித்தாந்தி போனை வைத்தார்.

பிந்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள். அப்பா அவள் தலையில் கை வைத்தார். கை வைக்கத் தெரியாமல் வைத்தார், கனமாக.

"ஆய்," என்றார் சலபதி மிகமிக மெதுவாக. "அப்ப சாம்பல் துணி, நூறு அங்குலம்... பெரியவங்க சாவகாசமாச் சொல்லுங்க."

மாடியிலிருந்து பார்கவ் தடதடவென்று இறங்கி வந்தான். கையில் போன். இங்கே நடந்தது எதுவும் தெரியாத சந்தோஷ முகம்.

"நான்னா, பாவா பேசினார். பெங்களூருக்கே போகலையாம், விடியறதுக்கு முன்னாடியே வைசாக்லேருந்து கிளம்பிட்டாராம். மார்ட்டேரு தாண்டியாச்சு, இதோ வந்துடுவார். நூத்தம்பது அங்குலத் திரையை வழியில அவரே வாங்கிக் கார் மேல கட்டிக்கிட்டு வர்றார். நம்ம சலபதியைப் போக விடாம வெச்சுக்கச் சொன்னார், இன்னைக்கே மாட்டிடலாமாம்." மூச்சு வாங்கிவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தான். "என்ன ஆச்சு?"

பிந்து படியேறினாள். பின்னாலேயே கொண்டலராவும் ஏறினார். அந்தப் படியில் அவர் இவ்வளவு மெதுவாக ஏறி யாரும் பார்த்ததில்லை.

நீலக் கட்டத்துக்குள் கையை விட்டு அவள் ஜன்னலைத் திறந்தாள். கால்வாயும் சின்னப் பாலமும் தெருமுனையும் தெரிந்தன. பாலத்தின் மேல் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. அதன் தலையில் நீளமாக ஒரு அட்டைப் பெட்டி, கிட்டத்தட்ட கார் அளவுக்கே.

"நீ கீழ வர வேண்டாம்," என்றார் கொண்டலராவ். "நான் பேசிக்கறேன்."

"அவர் உங்ககிட்ட ரொம்ப நல்லாப் பேசுவார் நான்னா," என்றாள் பிந்து. "அதான் எனக்குப் பயமா இருக்கு."

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. கொண்டலராவ் சுவரிலிருந்த நீல டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார். பிய்க்கவும் இல்லை, விடவும் இல்லை. கீழிருந்து சிரித்த குரலில், "பிந்து," என்று ஸ்ரீஹர்ஷா கூப்பிட்டான்.